ஜாடை

ஜனவரி 11

அன்புள்ள சிறுசுக்கு,

நான் சுகம். நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உன் முழங்கால் இப்போது எப்படி? லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது அவசரப்படாதே. பழுதான லிஃப்ட் எங்கும் ஓடிப்போகாது. அது ஓடாததால்தானே உன்னைக் கூப்பிடுகிறார்கள்.

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். முகத்தில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன். பயப்படாதே, நோய் ஒன்றும் இல்லை. பெண்ணாக வாழ ஆரம்பித்து இத்தனை வருஷமாகியும் இந்த முகம் மட்டும் என் சொல்லைக் கேட்கவில்லை. மாத்திரைகள் தோலை மாற்றின, உடம்பை மாற்றின. எலும்பிடம் மாத்திரையின் பேச்சு எடுபடவில்லை.

டாக்டர் ஒரு பெண். அதிகம் பேசாதவர். என் மண்டையோட்டைத் திரையில் காட்டி விளக்கினார். புருவத்துக்கு மேலே வரப்பு மாதிரி எலும்பு மேடாக இருக்கிறது. அதைச் செதுக்கி உள்ளே தள்ளி வைப்பார்களாம். தாடையின் இரண்டு மூலைகளையும் இழைப்பார்களாம். மூக்கைச் சின்னதாக்கி, நெற்றியில் ஏறிப்போன முடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, தொண்டையில் துருத்தும் மேட்டையும் தேய்த்துவிடுவார்களாம். “தச்சர் வேலை மாதிரி இருக்கே டாக்டர்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “தச்சர் தப்புப் பண்ணா வேற பலகை எடுத்துக்கலாம்” என்றார். அந்த நிமிஷமே அவர் மீது நம்பிக்கை வந்துவிட்டது.

கடையில் நடந்ததையும் சொல்கிறேன். என் வேலைதான் உனக்குத் தெரியுமே. மூக்குக்கண்ணாடிக்கு ஃபிரேம் பொருத்தவும், இரண்டு கண்மணிகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளக்கவும், வந்தவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நிற்க வேண்டும். அவ்வளவு கிட்டே போனால் அவர்களும் என்னைத்தான் பார்ப்பார்கள், வேறெங்கே பார்ப்பது? போன மாதம் ஒருவர் தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வேறு யாராவது இருக்கிறார்களா என்று முதலாளியம்மாவிடம் கேட்டார். மறுநாளிலிருந்து நான் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறேன். முதலாளியம்மா நல்லவர்தான். கொஞ்ச நாளைக்கு என்றார். அந்தக் கொஞ்ச நாள் எப்போது முடியும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன். மற்ற எல்லாரிடமும் என் பழைய பெயரை மறந்துவிடச் சொல்ல வேண்டியிருந்தது. உன்னிடம் அது தேவைப்படவில்லை. இரட்டையரில் சில நிமிஷம் முந்திப் பிறந்ததால் நான் பெருசு, பிந்திப் பிறந்ததால் நீ சிறுசு. நல்ல வேளை, அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆனால் முகம் இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தானே கிடைத்தது. உனக்குச் சொல்லாமல் அதில் கைவைப்பது முறையில்லை என்று பட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெருசு

ஜனவரி 30

அன்புள்ள பெருசுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அவளும் உன்னை விசாரித்தாள். முழங்கால் ஏணியைப் பார்த்தால் வலிக்கிறது, நாற்காலியைப் பார்த்தால் வலிப்பதில்லை. அதற்கு விவரம் தெரிந்திருக்கிறது.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஃபோனில் என்றால் அன்றே பேசியிருக்கலாம். நீதான் எடுப்பதே இல்லை.

போன வாரம் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலை. மூன்று பக்கமும் கண்ணாடி பதித்த லிஃப்ட். ஓட்டிப் பார்க்கும்போது இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. மேலே மோட்டார் அறையில் இருந்த ஆள் சரிசெய்யும்வரை நான் உள்ளே நின்றேன். வழக்கமாக நான் கண்ணாடி பார்ப்பதில்லை. அன்று வேறு வேலை இல்லை. விரலால் புருவத்துக்கு மேலே தடவிப் பார்த்தேன். நீ சொன்ன வரப்பு எனக்கும் இருக்கிறது. தாடை மூலையும் அப்படியே. மூன்று பக்கமும் திரும்பிப் பார்த்தேன்.

நான் கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இந்த முகத்தில் என்ன குறை?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

சிறுசு

பிப்ரவரி 10

அன்புள்ள சிறுசுக்கு,

நான் நலம். அங்கே இருவரும் நலமா? உன் வீட்டுக்காரிக்கு அடிக்கடி வரும் தலைவலி குறைந்ததா? கண்ணைச் சோதித்துக்கொள்ளச் சொன்னேனே, போனாளா?

நீ கேட்டது தப்பில்லை. அதை நீ கேட்காவிட்டால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

கடையில் சில சமயம் ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவர் போட்டுப் பார்ப்பார். ஃபிரேம் அழகாக இருக்கும், லென்ஸில் ஒரு கீறல் இருக்காது. ஆனால் கொஞ்ச நேரத்தில் தலை சுற்றும், படியில் கால் வைத்தால் தடுக்கும். கண்ணாடியில் குறை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பவர் வேறு, அவ்வளவுதான். உனக்கு அந்த முகம் கச்சிதம். நான் அதைப் போட்டுக்கொண்டு இத்தனை வருஷம் படி தடுக்கித் தடுக்கி நடந்திருக்கிறேன்.

ஃபோன் விஷயமும் அதுதான். என் பேச்சுக் குரலை எவ்வளவு பாடுபட்டு மாற்றினேன் என்று உனக்குத் தெரியாது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே வரியை எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீ ஃபோனில் “சொல்லு” என்றால் என் பழைய குரலே என்னைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. இரண்டு நிமிஷத்தில் நானும் அதே குரலில் பேச ஆரம்பித்துவிடுகிறேன். உன்மேல் கோபம் இல்லை. கடிதத்தில் உனக்குக் குரல் இல்லை, எனக்கும் இல்லை. நிம்மதியாக இருக்கிறது.

ஏப்ரல் நடுவில் ஆபரேஷன். பகல் முழுவதும் ஆகுமாம். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு போகவும் பிறகு கொஞ்ச காலம் கூட இருக்கவும் ஒரு ஆள் வேண்டும் என்கிறார்கள். உறவோ சிநேகிதமோ, யாரானாலும் சரியாம். உனக்கு லீவு கிடைக்குமா என்று தெரியவில்லை. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. சும்மா கேட்டு வைத்தேன்.

குளிரில் வேலை செய்யும்போது கையுறை போட்டுக்கொள்.

பெருசு

மார்ச் 27

அன்புள்ள பெருசுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

ஏப்ரலில் எங்களுக்கு வருஷாந்தரப் பரிசோதனை. எல்லா லிஃப்ட்டையும் பிரித்துப் பார்த்து மாட்ட வேண்டும். லீவு இல்லை என்றுவிட்டார்கள். நீ தைரியமாக இரு. அந்த டாக்டர் சரியான ஆள் என்றுதான் எனக்கும் படுகிறது.

ஒரு சந்தேகம். பாத்திரம் அடிப்பிடித்துவிட்டால் எதைப் போட்டுத் தேய்ப்பது?

சிறுசு

ஏப்ரல் 12

அன்புள்ள சிறுசுக்கு,

நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் நலமா? போன கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி சோடா உப்பைப் போட்டுக் கொதிக்கவை, பிறகு மரக்கரண்டியால் சுரண்டு. இதை அவளிடம் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பாளே.

லீவு கிடைக்காததற்கு வருத்தப்படாதே. முதலாளியம்மா வந்து என்னோடு தங்குவதாகச் சொல்லிவிட்டார். எல்லாம் ஏற்பாடாகிவிட்டது.

நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேர்கிறேன். இன்று கடையிலிருந்து வந்ததும் இந்த முகத்தைக் கடைசியாக ஒரு தடவை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்வோம் என்று கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன். பிறகு எழுந்துவிட்டேன். வழியனுப்ப வேண்டிய அவசியமே இல்லை, உன்னிடம் ஒன்று இருக்கிறதே. எனக்கு அது சிரிப்பாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. நீ கண்டபடி வெயிலில் அலைந்து அதைக் கெடுத்துவிடாதே.

போய்வருகிறேன்.

பெருசு

மே 5

அன்புள்ள சிறுசுக்கு,

நலமா? நான் பிழைத்துக்கொண்டேன். கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னித்துக்கொள். மூக்கின்மேல் கண்ணாடி உட்காரக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இடது கையால் கண்ணாடியைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன். காகிதத்தைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாததால் அது ஓடுகிறது.

ஒரு காதிலிருந்து மறு காதுவரை தலைக்கு மேலே தையல். தாடையைச் சுற்றி இறுக்கமான பட்டை. கண்ணைச் சுற்றிக் கறுப்பாக இருந்தது, பிறகு ஊதா, இப்போது மஞ்சள். உச்சந்தலையைத் தொட்டால் வேறு யாருடைய தலையையோ தொடுகிற மாதிரி இருக்கிறது, உணர்ச்சி இல்லை. கீழ் உதடும் அப்படித்தான். சூப் வழிந்தால் சட்டை நனைந்த பிறகுதான் தெரிகிறது. முகம் முழுக்க ஒரே வீக்கம். உண்மையான முகம் தெரிய மாதக்கணக்கில் ஆகும், அதுவரை தினமும் கண்ணாடி பார்க்காதீர்கள் என்றார் டாக்டர். மூக்குக்கண்ணாடி இல்லாமல் நிலைக்கண்ணாடியில் எனக்கு என்ன தெரியப் போகிறது?

முதலாளியம்மா நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். தினமும் மசித்த உருளைக்கிழங்கும் சூப்பும். சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

பெருசு

மே 24

அன்புள்ள பெருசுக்கு,

கண்ணைச் சுற்றி மஞ்சளும் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. காகிதம் ஓடுகிறது, பிடிக்க மூன்றாவது கை இல்லை என்று எழுதியிருக்கிறாய். முதலாளியம்மா பக்கத்திலேயே இருந்தால் காகிதம் ஏன் ஓடுகிறது? உனக்கு ஃபோன் செய்தால் எடுக்கமாட்டாய். அதனால் கடைக்கு ஃபோன் செய்தேன். வேறொருவர் எடுப்பார், அம்மா அங்கே தங்கியிருக்கிறார் என்பார், வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

எடுத்தது முதலாளியம்மாதான். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

“நல்லா இருக்கா. அவ தம்பி வந்து கூடவே இருக்காராம். நான் வரேன்னு சொன்னேன், வேண்டாம்னுட்டா. நீங்க யாரு பேசறது?”

கண்ணாடிக்குக் கொடுத்திருந்தேன், ரெடியாகிவிட்டதா என்று கேட்டேன். பெயர் கேட்டார். வைத்துவிட்டேன்.

அந்தத் தம்பி எப்படி? ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறானா?

சிறுசு

ஜூன் 3

அன்புள்ள சிறுசுக்கு,

உன் கடைசி வரியைப் படித்துச் சிரித்தேன். சிரிக்கக் கூடாது, தையல் போட்ட இடம் இழுக்கும். பிறகு அழுதேன். அழவும் கூடாது, வீக்கம் ஏறும். அதனால் எழுந்து பாத்திரம் கழுவினேன்.

முதலாளியம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து கையெழுத்துப் போட்டு என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். உள்ளே வருவதாகச் சொன்னார். அவர் வீட்டில் மகள் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள், எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். யாரும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பி வந்திருக்கிறான், உள்ளே தூங்குகிறான் என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. உனக்கு அவரைச் சொன்னேன், அவருக்கு உன்னைச் சொன்னேன். இரண்டு பேரையும் நிம்மதியாக இருக்கச் செய்துவிட்டு நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

படுக்கக் கூடாது என்பதால் நாற்காலியில் சாய்ந்தே தூங்கினேன். ரேடியோவை நிறுத்துவதே இல்லை. ஒரு நாள் மருந்து வாங்கப் படியிறங்கியபோது கீழ்வீட்டுப் பெண் என்னைப் பார்த்துச் சுவரோடு ஒட்டி வழிவிட்டாள். ஆக்ஸிடென்ட்டா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ரொம்பப் பாவப்பட்டாள். ஆக்ஸிடென்ட் என்றால் எவ்வளவு சுலபமாகப் பாவப்படுகிறார்கள்.

கொஞ்ச காலம் மனசு சோர்ந்துபோகும், எல்லாருக்கும் வரும், யாரிடமாவது பேசிக்கொண்டிருங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வந்தது. வீங்கிக் கிடந்த முகம் யாருடையதாகவும் இல்லை. பழையது போய்விட்டது, புதியது வரவில்லை. அந்த நாட்களில் உன்னை நிறைய நினைத்தேன். நீ எதிரில் உட்கார்ந்திருந்தால், நான் எங்கிருந்து வந்தேன் என்றாவது தெரியும்.

கேட்டாயே, அந்தத் தம்பி நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். அதிகம் பேசமாட்டான். சூப்பை மட்டும் அடிப்பிடிக்க விட்டுவிடுவான்.

இப்போது நீ சொல். கடிதத்துக்குக் கடிதம் உன் வீட்டுக்காரியை விசாரிக்கிறேன். முழங்காலுக்குக்கூடப் பதில் வருகிறது, அவளுக்கு வருவதில்லை.

பெருசு

ஜூலை 19

அன்புள்ள பெருசுக்கு,

மறைத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அவள் பிப்ரவரியில் போய்விட்டாள். அவளுடைய அக்கா இருக்கும் ஊரில் இருக்கிறாள். சண்டை இல்லை. பெட்டி கட்டுவதற்கு நான்தான் உதவினேன், ஜிப் மாட்டிக்கொண்டது, எண்ணெய் விட்டுச் சரிசெய்து கொடுத்தேன். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

“உன்கிட்ட பேசறதும் லிஃப்ட்டுக்குள்ள நின்னு பேசறதும் ஒண்ணுதான். கதவு மூடிக்குது. அப்புறம் சத்தமே இல்ல” என்றாள்.

லிஃப்ட்டில் அவசரத்துக்குப் பேச ஒரு பொத்தான் உண்டு என்று நான் சொன்னேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

உனக்கு எழுதியிருக்கலாம். நீ ஆபரேஷனுக்குப் போகிற நேரத்தில் என் கதை எதற்கு என்று விட்டுவிட்டேன். பிறகு எழுத எழுத அந்த இடத்தைத் தாண்டிப் போவது பழகிவிட்டது. இப்போது வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். சாப்பிட்டதும் கழுவி வைத்துவிட்டால் யாரும் குடியில்லாத வீடு மாதிரி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லீவு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை. அப்பா இறந்தபோது வாசலில் நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டு உன்னைப் பார்த்தார்கள், உன்னைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஏதோ கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி. நீ தலை குனிந்தபடியே நின்றாய். நான் உள்ளே போய்விட்டேன். ஆஸ்பத்திரியிலும் அதுதானே நடக்கும்? நீ எதைக் களையப் போகிறாயோ அது உன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். அதனால்தான் வரவில்லை. அது சரியா தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது வரட்டுமா? உன் போட்டோ ஒன்று அனுப்பு. ரயிலடியில் வேறு யார் முன்னாலாவது போய் நின்று உதைபடக் கூடாது.

சிறுசு

ஆகஸ்ட் 12

அன்புள்ள சிறுசுக்கு,

பக்கத்தில் இருந்திருந்தால் உன்னை வைதிருப்பேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அடிப்பிடித்த சோறு மட்டும் போதாது. முட்டையாவது வேகவை, அது அடிப்பிடிக்காது.

எனக்கு வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிட்டது. கடையில் முன்பக்கம் நிற்கிறேன். முதல் நாள் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வந்தார். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்று அளந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தன் மாணவர்கள் பண்ணும் அட்டகாசத்தையே சொல்லிக்கொண்டிருந்தார். அளந்து முடித்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் பின்னறைக்குப் போய், தேய்த்து வைத்திருந்த லென்ஸையே இன்னொரு தடவை தேய்த்தேன்.

பஸ்ஸில் யாரும் பார்ப்பதில்லை. தெருவில் யாரும் பார்ப்பதில்லை. இதைத்தான் கேட்டேன், கிடைத்துவிட்டது. சாயங்காலம் அறைக்கு வந்து கதவைச் சாத்தினால், இன்று முழுக்க என்னை யாருமே பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் ஒரே வாக்கியம்தான் இருக்கிறது.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை வா. மத்தியான ரயிலில் வந்தால் நானே வந்து கூட்டிப்போகிறேன். போட்டோ அனுப்பமாட்டேன். அனுப்பினால் நீ நல்ல வார்த்தையாக நாலு தேடி எழுதி அனுப்புவாய். எனக்கு அது வேண்டாம். முதல் தடவை பார்க்கும்போது உன் முகம் எப்படிப் போகிறது என்று நான் பார்க்க வேண்டும்.

நீ பக்கத்தில் நின்றால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. வா, நின்று பார்ப்போம்.

பெருசு

செப்டம்பர் 21

அன்புள்ள சிறுசுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? நீ போட்ட குழாய் ஒழுகவில்லை. அடுப்பின் திருகும் இப்போது சொன்னபடி கேட்கிறது. நீ குடித்த டம்ளரைக் கழுவாமல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதே, அன்றே கழுவிவிட்டேன். ஆனால் இரண்டாவது நாற்காலியை இன்னும் மூலைக்குத் தள்ளவில்லை.

நீ இங்கே இருந்தபோது ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தேன். கேட்கவில்லை. நீ என் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் வேறு பக்கம் திரும்பியிருக்கும்போது பார்த்தாய், நான் திரும்பினால் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினாய்.

ரயில் வந்து நின்றபோது நான் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நீ இறங்கினாய். என் பழைய முகம் கூட்டத்துக்குள் நடந்து வருவதைப் பார்த்தேன். கொஞ்சம் வயசாகி, சவரம் சரியாகச் செய்யாமல். நீ என் பக்கம் ஒரு தடவை பார்த்தாய். பிறகு என்னைத் தாண்டிப் போய்விட்டாய். உன் சட்டையில் மோட்டார் எண்ணெய் வாசம்கூட வந்தது, அவ்வளவு கிட்டே.

கூப்பிட்டிருக்கலாம். அந்தச் சத்தத்தில் உன் காதுக்கு எட்ட வேண்டுமென்றால் நெஞ்சிலிருந்து கத்த வேண்டும், அது பழைய குரலாகத்தான் வரும். பக்கத்தில் ஒரு அம்மா என்னோடு பேசிக்கொண்டு நின்றார். அவர் முன்னால் அந்தக் குரலை எடுக்க என்னால் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு நீ போவதைப் பார்த்தேன். என்னோடு பிறந்தவனுக்கே என்னைத் தெரியவில்லை, டாக்டர் கெட்டிக்காரிதான் என்று முதலில் நினைத்தேன். அடுத்த நிமிஷம், இனி என்னைப் பார்த்து, இது இன்னார் என்று சொல்ல உலகத்தில் ஒருத்தரும் இல்லை என்று பட்டது.

பிறகு நீ மெல்லத் திரும்பி வந்தாய். “போலாமா?” என்றாய். அந்த அம்மா உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தம்பியா? அதான் ஜாடையே சொல்லுதே” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். தன் மகள் இறங்குவதைப் பார்த்து அந்தப் பக்கம் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வலியும் பட்டேனோ என்று இருந்தது. அக்காவுக்கும் தம்பிக்கும் இருக்கிற ஜாடை. வேறொன்றும் இல்லை.

ஆனாலும் கேட்கிறேன். முதலில் உனக்கு என்னைத் தெரியவில்லை, இல்லையா? ஆமாம் என்று எழுது. வருத்தப்படமாட்டேன்.

பெருசு

அக்டோபர் 8

அன்புள்ள பெருசுக்கு,

நலம். வாரத்தில் மூன்று நாள் முட்டை வேகவைக்கிறேன். நீ சொன்னது பொய், தண்ணீர் வற்றிப்போனால் அதுவும் பிடிக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வராமலும் இருக்கலாம்.

நீ கேட்டதற்குப் பதில். ரயில் நிற்பதற்கு முன்னாலேயே உன்னைப் பார்த்துவிட்டேன். டாக்டர் எதை மாற்றினாலும் கண் நம்முடையதுதானே.

கதவுப் பக்கம் நின்றுகொண்டு வந்தேன். உன் கையில் மடக்கிய சாம்பல் நிறக் குடை. அந்த அம்மா பையைத் திறந்து ஏதோ காட்டிக்கொண்டிருந்தார், நீ குனிந்து பார்த்துச் சிரித்தாய். பிறகு குடையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவர் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாய். நீ இப்படி ஒருவர் பக்கத்தில் நிமிர்ந்து நின்று சிரித்து நான் பார்த்ததே இல்லை. சின்ன வயசிலும் இல்லை.

அந்த அம்மாவுக்கு உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் வந்து பக்கத்தில் நின்றால் என்னைப் பார்ப்பார், பிறகு உன்னைப் பார்ப்பார், அந்தச் சிரிப்பு அதோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். ஒரு தடவை உன்னைப் பார்த்துவிட்டு அப்படியே நடந்துவிட்டேன். பிளாட்பார முனையில் குழாய் இருக்கிறதே, அங்கே நின்று கை கழுவினேன். கையில் அழுக்கே இல்லை. நீ கூப்பிடுவாய் என்று காத்திருந்தேன். நீ கூப்பிடவில்லை. உனக்கும் அதுதான் சௌகரியம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, திரும்பிப் போகிற ரயில் எப்போது என்று பலகையில் பார்த்தேன். ஆனால் கால் அந்தப் பக்கம் போகவில்லை.

முகம் நன்றாக இருக்கிறது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் நல்ல குழாயையும் கழற்றி மாட்டினேன். சமையலறைக் குழாய் ஒழுகவே இல்லை.

குளிர் ஆரம்பித்துவிட்டது. காதை மூடிக்கொண்டு போ, தையல் போட்ட இடம் விறைக்கும். பேசாமல் விட்ட வருஷங்களுக்கெல்லாம் சேர்த்துப் பேச எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அடுத்த தடவை கூப்பிடு. எந்தக் குரலில் வந்தாலும் சரி. திரும்பிப் பார்ப்பேன்.

சிறுசு